ஆறாம் ராடில் ஏழு புள்ளி

"அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது மாமா" என்றாள் ஜோலீன், பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்துகொண்டே. உள்ளே பழைய டயர் ஒன்றின்மேல் ஓர் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. டிராக்டருக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ட். வைக்கோல் தூசி. எலிகள் குடித்தனம் நடத்திய அடையாளம், அதுவும் கூட்டுக்குடித்தனம்.

"எங்கேருந்து கெடச்சுது?"

"ராய் மாமா போயிட்டாருல்ல, அவரு கொட்டகையைக் காலி பண்ணினோம். வைக்கோலுக்கு அடியில மூணு தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருந்தாரு. அப்பா சின்ன வயசுல ரேஸ் ஓட்டினதா அம்மா சொல்லும். அவரோடதாத்தான் இருக்கும். வர்ற மாசம் அவருக்கு எழுபத்தஞ்சு. ஓட வச்சு, ஒரு ஸ்டாண்டுல மாட்டி, கூடத்துல நிறுத்தி அசத்தப் போறேன். நீங்க பிரிச்சு, எது கம்பெனி போட்டது, எது பின்னாடி வந்ததுன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க. சட்டம் போட்டுப் பக்கத்துல மாட்டணும்."

சரியான ஆளிடம்தான் வந்திருந்தாள். பழைய எஞ்சினின் வயிற்றுக்குள் இருப்பதில் எது பிறவி, எது ஒட்டுவேலை என்று சொல்ல மிச்சிகன் மாநிலத்தில் ஹார்லன் டோபெக்கை விட்டால் ஆளில்லை. பிஸ்டனை மோந்து பார்த்தே அதை வார்த்தது செவ்வாயா புதனா என்று சொல்லிவிடுவார் என்று பேசிக்கொள்வார்கள். அது சுத்தப் பொய். நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். எழுபத்தேழு வயதில் மூட்டு, காது, பல் எல்லாமே மாற்று உதிரிபாகம்; கண்ணும் கையும் மட்டும் கம்பெனி போட்டது.

கப்பியில் தூக்கி எஞ்சினை ஷெட்டுக்குள் இறக்கியதும் அந்தக் கண் முன்பக்கத்துக்குப் போயிற்று. வண்டியின் நம்பர் அடித்திருக்கும் இடம், தீப்பெட்டி அகலம். அங்கே நம்பர் இல்லை. கிரைண்டர் வைத்து வழித்தெடுத்திருந்தார்கள்.

"உங்கப்பன் திருடன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "சீட்டாட்டத்துல அவன் கையில எப்பவும் அஞ்சு ராணி இருக்கும்."

ஜோலீன் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். ஹார்லனும் சிரித்தார், பிளாக்கின் பின்பக்கம் தூசியைத் துடைக்கும் வரை. வார்ப்பிலேயே புடைத்து நின்ற எண்ணைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். லாக்ரிட்ஜ் கம்பெனியின் கிரிஃபின் வண்டிக்குப் போட்ட 437.

தெருவையே உதற வைக்கும் எஞ்சின் அது. மேல் கியரில் மிதித்தால் முன்னால் போகிற வண்டிக்காரன் பிரார்த்தனை செய்ய ஆரம்பித்துவிடுவான், அவன் நாத்திகனாக இருந்தாலும். அதற்கு யார் டிராக்டர் பச்சை அடிப்பான்? பட்டுப்புடவையைக் கிழித்து அடுப்பு துடைத்த மாதிரி.

கிரிஃபின் 437 அந்த ஊருக்குள் வந்தது ஒன்றே ஒன்றுதான். கத்தரிப்பூ நிறம். 1971 மார்ச்சில் ஹ்யூரான் ஏரியின் ஐஸ் உடைந்து அது உள்ளே போயிற்று. ஓட்டிக்கொண்டு போனவன் ஹார்லனின் தம்பி டென்னி. பத்தொன்பது வயது. வண்டியும் கிடைக்கவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. கரையில் நின்று பார்த்த ஒரே சாட்சி, ஜோலீனின் அப்பா வெர்னன் ஸ்லிவா.

"பின்விளக்கு ரெண்டும் செவப்பா கீழே எறங்குச்சு. தண்ணிக்குள்ள போயும் கொஞ்ச நேரம் எரிஞ்சுது" என்று வெர்னன் அன்று ஷெரீஃபிடம் சொன்னார். அந்த இரண்டு சிவப்பு விளக்குகளையும் ஹார்லன் ஐம்பத்திரண்டு வருஷமாகத் தூக்கத்தில் பார்த்து வருகிறார். அம்மா சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாலு வருஷம் ஏரியையே பார்த்தாள். பார்த்தபடியே போய்ச் சேர்ந்தாள். அவள் சவப்பெட்டியைச் சுமந்த ஆறு பேரில் முன்வரிசை வெர்னன். அதற்கப்புறம் தினமும் காலை பத்து மணிக்கு ஹார்லனின் ஷெட்டுக்குக் காப்பி குடிக்க வருவார். ஒரு நாள் தவறியதில்லை.

கம்பெனி ஆயிரக்கணக்கில் போட்ட எஞ்சின்தானே, என்று ஹார்லன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மத்தியானம் ஹெட் இரண்டையும் கழற்றினார். அடியில் ஆயில் சம்ப்பைக் கழற்றினார். ஆயில் தாராகி, கத்தி போட்டு வெட்டும் பதத்தில் இருந்தது. ஆனால் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தண்ணீர் நின்ற கோடு இல்லை. சிலிண்டர் சுவரில் துரு இல்லை. கம்பெனியில் கல் தீட்டிய குறுக்குக் கோடுகள் அப்படியே தெரிந்தன. இது ஏரியைப் பார்க்காத எஞ்சின். அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. ஹெட்டில் வார்த்த தேதி, ஜனவரி 1969: கம்பெனி. வால்வு: கம்பெனி. பிஸ்டன் தலையில் குத்திய எழுத்து: கம்பெனி. தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே போனார்.

வெளியே ஏரி முனகியது. அந்தப் பிப்ரவரியில் குளிர் எப்படியென்றால், ஊற்றிய காப்பி கோப்பைக்குப் போய்ச் சேரும் முன் நடுவழியில் நின்று யோசிக்கும். ஐஸ் இறுகி விரிசல் விடும்போது, அடியிலிருந்து யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். ஊர்க்காரர்கள் அதைக் காதிலேயே வாங்க மாட்டார்கள். ஹார்லன் அன்று வாங்கினார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வெர்னன் வந்தபோது எஞ்சின்மேல் தார்ப்பாய் கிடந்தது.

"இது என்னடா, பொணத்தை மூடி வச்ச மாதிரி?" என்று கேட்டு, தன் காப்பிக் கோப்பையை அதன் மேலேயே வைத்தார்.

"டிராக்டர் எஞ்சின். ஒருத்தன் குடுத்துட்டுப் போயிருக்கான்."

"உனக்கும் வயசாயிடுச்சு. முன்னல்லாம் ரேஸ் எஞ்சின் வரும். இப்ப டிராக்டர். அடுத்தது புல்லு வெட்டற மெஷினு. அப்புறம் தையல் மெஷினு. அப்புறம் நீயே போயிடுவ."

"நீ எனக்கு முன்னாடி போடா. பேச்சில்லாம நான் கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கணும்."

வெர்னன் சிரித்து, தார்ப்பாயை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார். பாவம், நல்ல மனுஷன், பொண்ணு இவ்வளவு செய்கிறாளே என்று நினைத்துக்கொண்டு ஹார்லன் கனெக்டிங் ராடுகளைக் கழற்ற உட்கார்ந்தார்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கை அது, எட்டு உண்டு. ராடை அடித்து உருவாக்கும்போதே அதன் முதுகில் எண் புடைத்து நிற்கும்; எந்த வருஷத்து ராடு என்று அது சொல்லும். பக்கவாட்டில் எந்தச் சிலிண்டருக்கு என்று கம்பெனிக்காரன் எண் குத்தியிருப்பான். ஒன்று: கம்பெனி. இரண்டு: கம்பெனி. மூன்று, நாலு, ஐந்து: எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

ஆறாவது ராடின் முதுகில் இருந்த எண் வேறு. 67ஆம் வருஷத்து ராடு. யாரோ நடுவில் மாற்றியிருக்கிறான். எடை சரிக்கட்ட அடியில் ராவியிருக்கிறான், பரவாயில்லை, சுத்தமான வேலை. ஹார்லன் அதைப் பக்கவாட்டில் திருப்பினார். கம்பெனி எண் இல்லை. கூர்முனைச் சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டிய புள்ளிகள். எண்ணினார்.

ஏழு.

ஏழாவது புள்ளியின்மேல் உளியால் குறுக்கே ஒரு கோடு.

அவர் விரல்கள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டன. அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. 1970 அக்டோபர், இதே ஷெட், இதே பட்டறை மேஜை. டென்னி கண்மண் தெரியாமல் மிதித்து ஆறாவது ராடை வளைத்துக் கொண்டு வந்திருந்தான். வெளியூரில் மோதி நொறுங்கிய பழைய கிரிஃபின் ஒன்றிலிருந்து ராடு எடுத்து, சரிக்கட்டி, ஆறாவது என்பதற்கு அடையாளமாக ஹார்லன் ஆறு புள்ளி தட்டும்போது டென்னி, மீன் பிடிக்கப் போய் ஐஸில் ஒட்டிக்கொண்ட பாதிரியாரைப் பற்றி ஒரு கதை சொன்னான். பத்திரிகையில் போட முடியாத கதை. ஹார்லன் சிரித்த சிரிப்பில் சுத்தியல் ஏழாவது தடவையும் இறங்கிவிட்டது; அந்தப் புள்ளியை உளியால் கோடு போட்டு அடித்தார்.

ஒரு ராடை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அவர் தொழில் தர்மம். மைக்ரோமீட்டரை எடுத்தார். ஐந்தாவது ராடும் ஆறாவதும் கிராங்கின் ஒரே கழுத்தில் உட்காருபவை. அந்தக் கழுத்தை மட்டும் அவர் அப்போது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு கடைந்திருந்தார், மற்ற மூன்றையும் தொடவில்லை. அளந்தார். அதே பத்து, மயிரிழை பிசகவில்லை.

தம்பியோடு ஏரிக்கு அடியில் இருக்க வேண்டிய எஞ்சின், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அவர் மேஜைமேல் கிடந்தது. அப்படியென்றால் வண்டி மூழ்கும் முன்பே யாரோ இதை இறக்கியிருக்கிறான். எஞ்சின் இல்லாத வண்டியை டென்னி எப்படி ஏரிக்குள் ஓட்டிக்கொண்டு போவான்? நம்பரை வழித்தது யார்? மூன்று தார்ப்பாய் போட்டு மூடியது வெர்னனின் மச்சினன் ராய். பின்விளக்குக் கதை சொன்னது வெர்னன்.

ஓர் எஞ்சினுக்காக ஆளைக் கொல்வார்களா? இந்த ஊரில் கொல்வார்கள், அதுவும் 437க்காகக் கொல்வார்கள் என்று ஹார்லனே வேடிக்கையாக நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

இருட்டும்வரை அந்த ராடை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவின் பெட்டியைச் சுமந்த தோளை நினைத்தார். நாற்பத்தெட்டு வருஷத்துக் காப்பியை நினைத்தார். கணக்குப் போட்டால் ஒரு சின்ன ஏரி தேறும்.

செவ்வாய்க்கிழமை அவர் எஞ்சினை மூடவில்லை. ராடைத் துடைத்து, மேஜை நடுவில், புள்ளிகள் மேலே தெரிய வைத்தார். பக்கத்தில் மூன்றடி நீள ஸ்பேனர் கம்பி ஒன்றையும் வைத்தார். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

தவக்கால நோன்புக்கு முந்தின நாளாதலால் வெர்னன் ஒரு பெட்டி நிறைய ஜாம் அடைத்துப் பொரித்த பூஞ்ச்கி பலகாரத்தோடு வந்தார். "சாப்பிடு. நாளையிலேருந்து மீனுதான்..." என்று தொடங்கியவர் எஞ்சினைப் பார்த்தார். அப்புறம் ராடைப் பார்த்தார். பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார், அதில் வெடிகுண்டு இருப்பது போல.

"யாருடா இதைக் கொண்டாந்தது?"

"உன் பொண்ணு. உனக்குப் பொறந்தநாள் பரிசாம்."

வெர்னன் சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு, பேட்டரி செத்த வண்டி கிளம்பப் பார்க்கிற மாதிரி. "உருக்கிடுன்னு சொன்னேன் ராய்கிட்ட. நம்பரை வழிச்சிட்டு, பச்சையடிச்சு, வச்சுக்கிட்டானா? கஞ்சப் பிசினாறி. ஒரு திருகாணியைத் தூக்கிப் போட மாட்டான், இதையா போடுவான்."

"டென்னியை என்ன பண்ணினீங்க?"

"கதவைச் சாத்து."

"டென்னியை என்ன பண்ணினீங்கடா?"

கம்பி எப்போது கைக்கு வந்தது என்று ஹார்லனுக்கே தெரியாது. வெர்னன் அதைப் பார்த்தார், ஓடவில்லை. போய்க் கதவைத் தானே சாத்திவிட்டு வந்து, அடிக்கத் தோதாக எதிரிலேயே உட்கார்ந்தார்.

"உன் தம்பியை யாரும் கொல்லல. அவனுக்குப் பட்டாளத்துல கட்டாயம் சேரணும்னு சீட்டு வந்துச்சு. வியட்நாம். குலுக்கல்ல நாப்பத்தொண்ணாம் நம்பர். போக மாட்டேன்னான். ஓடினா புடிப்பாங்க. செத்தவனை யாரு தேடுவா? ஏரியில போட்டுட்டோம், வண்டியை மட்டும். அவனை ராய் மீன் லாரியில பெட்டிக்கு அடியில படுக்க வச்சு, பாலம் தாண்டிக் கனடாவுல எறக்கிட்டான். ஒரு மாசம் மீன் வாடை போகலையாம்."

ஹார்லனின் பார்வை மேஜைமேல் இருந்த ராடுக்குப் போயிற்று. 

"எஞ்சினு..." என்றார் கடைசியில். அந்த நேரத்தில் அதையா கேட்பான் மனுஷன்? அவர் கேட்டார்.

"அதான் தப்பு. அதுதான் நாங்க பண்ணின ஒரே தப்பு." வெர்னன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஊர்ல வண்டியை ஐஸ்ல நிறுத்தறவன் எவன் எஞ்சினோட நிறுத்துவான்? வருஷா வருஷம் கிளப்புல ஓட்டை வண்டியை எஞ்சினை எறக்கிட்டு ஏரி மேல கட்டி இழுத்துட்டுப் போறோம், என்னைக்கு முழுகும்னு பந்தயம் கட்டறோம். கைப்பழக்கம்டா. அதுவும் அது 437. மூணு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்க அதைச் சுத்திச் சுத்தி வந்தோம், மனசு வரல. டென்னிதான் சொன்னான், 'நான் சாகத் தயாரு. இது எதுக்குடா சாகணும்?'னு. எறக்கிட்டோம். வெறும் வண்டியை என் பிக்கப்புல கட்டி ஆத்துமுகத்துக்கு இழுத்துட்டுப் போனோம். வழியில பார்த்த ஒருத்தன் என்ன கேட்டான் தெரியுமா? 'பந்தயச் சீட்டு எங்க கெடைக்கும்?'னான்."

ஹார்லன் கம்பியைக் கீழே போட்டார். அது சிமென்ட் தரையில் விழுந்த சத்தம் கூரை வரை போயிற்று. தம்பி சாகவில்லை என்பது இன்னும் அவருக்குள் இறங்கவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. அது எப்போதும் அவருக்கு முன்வரிசை ஆள்.

"அம்பத்திரண்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லலை. எங்கம்மா அந்த ஜன்னல்ல உக்காந்து, ஏரியைப் பார்த்துப் பார்த்தே..."

"அவங்க ஏரியையா பார்த்தாங்க? அக்கரையைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க, கனடாவை."

 வெளியே ஐஸ் தட்டியது.

"அவங்களுக்குத் தெரியும்டா. மொத மாசமே அட்டை வந்துடுச்சு, ராய் வீட்டு முகவரிக்கு. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன். படிச்சிட்டு அடுப்புல போட்டுட்டாங்க."

"அம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். ராய்க்குத் தெரியும். எனக்கு மட்டும் ஏன்டா...?"

வெர்னன் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் கேலி இல்லை.

"உன்கிட்டயா? நீ வியட்நாம்லேருந்து திரும்பி வந்த ஆளு. அதுக்கு முன்ன வந்த கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல, வான்கோழி வெட்டற கத்தியை ஆட்டிக்கிட்டு என்ன சொன்னே? எல்லை தாண்டி ஓடறவன் என் ரத்தமா இருந்தாலும் நானே போய்ச் சுடுவேன்னே. உருளைக்கிழங்குத் தட்டை உனக்கு நீட்டிக்கிட்டு நின்னது யாரு? சீட்டு அப்பவே அவன் சட்டைப் பையில இருந்துச்சு."

சொன்னது ஹார்லனுக்கு ஞாபகம் இருந்தது. யாரிடம் சொன்னோம் என்பதுதான் இல்லை. அந்தக் காலத்தில் அவர் எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்: தபால்காரரிடம், பல் வைத்தியரிடம், ஒரு தடவை கண்ணாடியிடம்.

"சின்னப்பய பேச்சுடா அது."

"இருக்கலாம். எழுபத்தேழாம் வருஷம் மன்னிப்புக் குடுத்தாங்களே, ஓடினவன் எல்லாம் திரும்பி வரலாம்னு? அவன் போன் பண்ணினான். 'அண்ணன் இன்னும் அப்படியேதான் இருக்கானா, கேட்டுச் சொல்லு'ன்னான். நான் இங்க வந்தேன். இதே ஸ்டூல்ல உக்காந்து கேட்டேன், வர்றவங்களை ஏத்துக்குவியான்னு. நீ வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிட்டு, 'மன்னிப்பு ஜனாதிபதி குடுக்கலாம், நான் குடுக்கல'ன்னே. நான் ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. அப்படியே சொன்னேன். அதுக்கப்புறம் அவன் வர்றதைப் பத்திப் பேசினதே இல்ல."

ஹார்லன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெர்னன் கொலைகாரன் என்று ஒரு ராத்திரி முழுக்க நம்பியது எவ்வளவு சுகமாக இருந்தது என்று இப்போதுதான் தெரிந்தது.

"இருக்கானா?"

"இருக்கான். டான் வெல்லர்னு பேரு. ஒன்டாரியோவுல படகு எஞ்சின் பழுது பார்க்கறான். மாசத்துக்கு ஒரு தடவை பேசுவோம்."

"நம்பரைக் குடு."

வெர்னன் தயங்கினார். அப்புறம், எது கம்பெனி, எது ஒட்டுவேலை என்று ஹார்லன் எழுதி வைத்திருந்த தாளின் ஓரத்தில் பத்து எண்களை எழுதினார், பார்க்காமல் எழுதும் வேகத்தில்.

சுவரில் மாட்டியிருந்த போனை ஹார்லன் எடுத்தார். மூன்று தடவை தப்பாக அழுத்தினார்; மயிரிழை பிசகாத கை. நாலாவது தடவை மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தார்கள். பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதை அணைத்தார்கள்.

"ஹலோ?" கிழவன் குரல். முன்பின் கேட்டிராத குரல்.

"ஹார்லன் பேசறேன்."

 அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது:

"வெர்னன் செத்துட்டானா?"

"இல்ல. இங்கதான் எதுர்ல உக்காந்திருக்கான்."

"அப்ப நீ எதுக்குக் கூப்பிடறே?"

சொல்ல ஐம்பத்திரண்டு வருஷத்துச் சமாசாரம் இருந்தது. ஹார்லன் அதில் எதையாவது எடுக்கப் பார்த்தார், எல்லாம் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் சொன்னது தப்புடா" என்றார். "ரெண்டு தடவையும்."

 வெர்னன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஹார்லன் ரிசீவரை காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். மறுமுனையில் போனை வைக்கிற சத்தம் எந்த நொடியும் வரலாம். அவர் அதற்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. இன்னும் வரவில்லை.